கத்திரிப்பூ நிறச் சுவர்

"இது வீடா, ஸ்டோரா?"

கைப்பேசியில் வந்திருந்த அந்த ஒரு வரியை முகுந்தன் உரக்கப் படித்துவிட்டு, ஷாஹுல் ஹமீதின் முகத்துக்கு நேரே நீட்டினான். எழுதியிருந்தது ரமணி, அவனை விட்டுப் பிரிந்துபோன மனைவி. கிள்ளானில் தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு இருக்கிறாள். மகள் லிஷாந்தினி அவளிடம் வளர்கிறாள். பிரிந்ததிலிருந்து முகுந்தன் மகளைப் பார்ப்பதெல்லாம் ஏதாவது ஒரு பேரங்காடியில், ஓர் ஐஸ்கிரீம் தின்று முடிகிற நேரத்துக்குத்தான். இப்போதுதான் முதல் தடவையாக, சனிக்கிழமை வந்து ஓர் இரவு அப்பாவோடு தங்கட்டும் என்று ரமணி இறங்கி வந்திருந்தாள். அதற்கு முன்னால் ஹாலைப் படம் எடுத்து அனுப்பு என்றாள். அனுப்பினான். அதற்கு வந்த பதில்தான் இது.

ஷாஹுல் ஹமீது ஹாலைத் திரும்பிப் பார்த்தார். ரமணி சொன்னதில் தப்பு இல்லை. செந்தூலில் ஐந்தாவது மாடியில் மூன்று ஆண்கள் குடியிருக்கும் வீடு. சுவர் ஓரமாகத் தண்ணீர்க் குப்பிகள், பழைய அட்டைப் பெட்டிகள், முகுந்தனின் லோரி டயர் ஒன்று. சுவரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் காலண்டர். அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கடிகாரம். தலை வைத்துத் தலை வைத்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு வட்டம். அவ்வளவுதான்.

"அண்ணே, இந்தச் சுவரை மட்டும் நல்லாப் பண்ணிட்டாப் போதும்லா. சாயம் அடிச்சி, நல்ல கடிகாரம் ஒண்ணு மாட்டி, ரெண்டு டெக்கரேஷன் வச்சிருவோம். நீங்க கலர் பாக்குற ஆளு. ஒரு கலர் சொல்லுங்க."

"பாக்கலாம்ப்பா" என்றார்.

அவர் இப்போது எதற்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்கிறார். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை. சொந்த ஊர் அதிராம்பட்டினம். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, ஒரு நாள் விடியற்காலையில் அவர் மனைவி நூருன்னிசா மூளையில் ரத்தம் கசிந்து மவுத்தாகிவிட்டாள். செய்தி வந்தபோது ஷாஹுல் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஊரில் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். அவருக்குத் திருச்சி விமானம் கிடைத்தது அன்று மாலைதான். போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசல் மையவாடியில் அவள் குழிமேல் மண் ஏறியிருந்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவை முடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, கன்னம் இருக்கும், தொட்டால் கை அதைத் தொடுவது தெரியும், ஆனால் கன்னத்துக்கு ஒன்றும் தெரியாது. அப்படி இருந்தது அவருக்கு. கடையில் கை தானாக முழம் போட்டது, தானாகக் கிழித்தது. வாடிக்கையாளர்களிடம் சிரித்தார். பசித்த நேரத்தில் தின்றார், படுத்தால் தூங்கினார். அழவில்லை. ஊரிலும் அழவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. அவருக்கு அந்தப் பயம்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகுந்தன் அவரைச் சாயக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். கடைக்காரச் சீனர் நிற அட்டைகளை மேசைமேல் விசிறி மாதிரி விரித்துப் போட்டார். ஒரு காலத்தில் ஷாஹுல் கல்யாணப் பெண் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இந்தப் பிள்ளைக்கு மயில்கழுத்து எடுக்கும், அந்தப் பிள்ளைக்கு மாம்பழ நிறம் எடுக்கும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிடுவார். இப்போது அட்டையில் எல்லா நிறமும் இருந்தது. ஒன்றுகூட அவரைக் கூப்பிடவில்லை. முகுந்தன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல் எங்கே போனதோ அங்கே வைத்தார்.

"இதுவா அண்ணே? ஷியூரா?"

"ம்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டின்னைத் திறந்து முதல் பட்டை இழுத்ததும் அந்த வீட்டின் மூன்றாவது ஆளான கிஃபாயத்துல்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் கீழக்கரைக்காரர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருபவர். தன்னைவிட மூத்தவர்களை அவர் ஊர் வழக்கப்படி காக்கா என்பார்.

"காக்கா, கத்திரித் தோட்டத்துக்கு நடுவுல உக்காந்த மாரி இருக்கே!"

கத்திரிப்பூ நிறம்தான். அதுவும் சுவர் முழுக்க ஏறியதும், குழல் விளக்கின் வெளிச்சத்தில், அது இன்னும் கனமாக இருந்தது. முகுந்தன் தள்ளி நின்று பார்த்தான். கிட்டே போய்ப் பார்த்தான். "காஞ்சா நல்லா வரும்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் உருளையை எடுத்தான். ஷாஹுல் ஓரங்களைத் தூரிகையால் சரிசெய்தார். நல்லதா கெட்டதா என்று அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓரம் நேராக இருந்தது, அது தெரிந்தது.

கடிகாரத்தை முகுந்தன் இணையத்தில் வாங்கியிருந்தான். சுவரில் நேரடியாக ஒட்டுகிற பெரிய கடிகாரம். நடுவில் முள், சுற்றிலும் தங்க நிற எண்களை நாமே ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். கூடவே ஒட்டுவதற்குத் தங்க இலைகள், வண்ணத்துப்பூச்சிகள், சின்னச் சாமான் வைக்க இரண்டு மரத்தட்டுகள். எண்களை ஒட்டும் வேலை ஷாஹுலுக்கு வந்தது. கடையில் துணி அளக்கும் நாடாவை வைத்து அளந்து அளந்து ஒட்டினார்.

அப்புறம்தான் அந்தப் பழைய பிளாஸ்டிக் கடிகாரத்தின் பேச்சு வந்தது. சாயம் அடிப்பதற்காகக் கழற்றிச் சோபாமேல் வைத்திருந்தார்கள்.

"இதை மறுபடியும் மாட்ட வேணாம்லா" என்றான் முகுந்தன். "ஒரே சுவத்துல ரெண்டு கடிகாரம், ரெண்டு டைம். பாக்குறவங்களுக்கு ஒண்ணு ஓடலைன்னு தோணும்."

"அது ஊர் மணிப்பா" என்றார் கிஃபாயத்துல்லா. "பிள்ளைங்க பள்ளியோடம் விட்டுச்சா இல்லையான்னு அதைப் பாத்துத்தானே நான் போன் போடுறேன். அதை மாட்டுனதே காக்காதான், நூருன்னி..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். முகுந்தன் உருளையைக் கழுவப் போவதுபோல் திரும்பினான்.

அந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஷாஹுல்தான் அதை மாட்டினார். கடை மூடிவிட்டு வந்து சட்டையைக் கழற்றும்போதே அதைப் பார்ப்பார். ஊரில் பொழுது சாய்ந்து மஃரிப் ஆகியிருக்கும், நூருன்னிசா தொழுதுவிட்டு உட்கார்ந்திருப்பாள், கூப்பிடலாம் என்று கணக்குப் போடுவார். திரும்பி வந்த பிறகு அவர் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது இரண்டு பேரும் வாயடைத்து நின்றதைப் பார்த்தார். அவராகவே அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையல்கட்டில் அரிசித் தூக்குக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார்.

"இங்க இருக்கட்டும். நீ சோறு வைக்கும்போது பாத்துக்க கிஃபாயத்து."

மனம் ஏதாவது சொல்லும் என்று ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு ரமணி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கிள்ளானிலிருந்து அவளே காரை ஓட்டி வந்திருந்தாள். முகுந்தன் காலையிலிருந்து தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கதவைத் திறக்கும்போது அவன் கை ஈரமாக இருந்தது.

சிறுமி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, ஏன் ரிபேனா ஜூஸ் கலர்?"

"நல்லா இல்லையாம்மா?"

"இட்ஸ் ஓக்கே" என்றாள் பெரிய மனுஷி மாதிரி. "பட்டர்ஃப்ளை எல்லாம் ஏன் ஒரே சைட் பாத்துப் பறக்குது?"

ஒட்டியவர் கிஃபாயத்துல்லா. அவர் தலையைச் சொறிந்தார்.

ரமணி உட்காரவில்லை. சுவரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், "மெனக்கெட்டுருக்கீங்க" என்று முகுந்தனிடம் சொன்னாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் சுவரில் நிற்கவில்லை. அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"லிஷா எங்க படுப்பா?"

"என் ரூம்ல. புது மெத்தை வாங்கியிருக்கேன். நான் கீழ படுத்துக்குவேன்."

"இந்த ரூம்?"

"அது ஷாஹுல் அண்ணன் ரூம்."

"அது?"

"கிஃபா பாய்."

"பாத்ரூம் ஒண்ணுதானா?"

முகுந்தன் தலையாட்டினான். ரமணி கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, ஷாஹுலின் பக்கம் திரும்பினாள். வயதில் மூத்தவர் என்பதால் அவரிடம் சொல்லத் தீர்மானித்தாள் போலும்.

"அண்ணே, தப்பா நெனைச்சிக்காதீங்க. உங்களைப் பத்தி இவர் நல்லாத்தான் சொல்லியிருக்கார். நான் யாரையும் சந்தேகப்படலை. ஆனா பொம்பளப் பிள்ளை. அவ அப்பா வீடுன்னு நெனைச்சித்தான் சரின்னேன். தெரியாத ரெண்டு ஆம்பளைங்க இருக்குற வீட்டுல ராத்திரி விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

"ரமணி!" என்றான் முகுந்தன். அவன் முகம் சிவந்துவிட்டது. "நான் எவ்ளோ சுசாப்பட்டு, கஷ்டப்பட்டு இதெல்லாம் பண்ணி..."

"சுவத்தைப் பத்தி நான் பேசலை."

சிறுமி தங்க இலை ஒன்றின் நுனியை நகத்தால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகத் தேய்த்தது, அடித்தது, ஒட்டியது எல்லாம் அந்தச் சுவரில் இருந்தன. அப்புறப்படுத்த வேண்டியதாக மிச்சமிருந்தது ஷாஹுலும் கிஃபாயத்துல்லாவும்தான்.

"நீங்க கேட்டது சரிதாம்மா" என்றார் ஷாஹுல். "நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வெளில தங்கிக்கிறோம். கிஃபாயத்து, உங்க கடைக்கு மேல இடம் இருக்குமில்ல?"

"இருக்கு காக்கா. பாய் போட்டுப் படுத்துக்கலாம்."

"அண்ணே, வேணாம்..." என்று முகுந்தன் கையைப் பிடித்தான்.

"விடுப்பா. பிள்ளையைப் பாரு."

அறைக்குள் போய் ஒரு கைலியையும் துண்டையும் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அவமானமாக இருக்க வேண்டிய நேரம் இது என்று தெரிந்தது. கிஃபாயத்துல்லாவின் காது மடல் சிவந்திருந்தது. ஷாஹுலுக்கு அதுவும் இல்லை. வெளியே தூறலாக இருந்ததால் குடையை எடுத்துக்கொண்டார்.

செந்தூல் நிலையத்தில் கொம்யூட்டர் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கிஃபாயத்துல்லா புலம்பினார். ரயிலில் ஏறிய பிறகும் புலம்பினார். கடைசியில் அவரே அடங்கினார்.

"ஆனா காக்கா, ஒண்ணு. நம்ம வீட்டுப் பொம்பளைங்களா இருந்தா இதைத்தான் கேட்டிருப்பாங்க. என் மவ ஒரு வீட்டுல தங்கப் போறான்னா நானே கேப்பேன். எந்த ரூம்பு, பக்கத்துல யாரு, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கான்னு."

ஷாஹுல் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கும் ஒரு மகள் உண்டு. சல்மா. இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. அவள் இப்போது எங்கே படுக்கிறாள்?

அவருக்குத் தெரியவில்லை.

நூருன்னிசாவின் அக்கா வீட்டில் இருக்கிறாள் என்பது தெரியும். அந்த வீட்டில் எந்த அறை, யாரோடு, கட்டிலா பாயா, ஒன்றும் தெரியாது. இதுவரை மகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நூருன்னிசா சொல்லித் தெரிந்ததுதான். போனில் கடைசியாகத்தான் சல்மா வருவாள். "நல்லாருக்கியாம்மா?" "நல்லாருக்கேன் வாப்பா." "படிக்கிறியா?" "படிக்கிறேன்." அதோடு போன் உம்மாவிடம் போய்விடும். நூருன்னிசா மவுத்தான பிறகு ஷாஹுல் அவள் அக்காவிடம்தான் பேசினார். செலவுக்குப் பணம் வந்து சேர்ந்ததா, பிள்ளை நன்றாக இருக்கிறாளா. நன்றாக இருக்கிறாள். சரி.

பிரிக்ஃபீல்ட்ஸில் கடை பரபரப்பாக இருந்தது. கிஃபாயத்துல்லா வந்ததும் வராததுமாகக் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். லீவு நாளில்கூட அவருக்கு அதுதான் இளைப்பாறல். ஷாஹுல் ஓரத்து மேசையில் உட்கார்ந்தார். தேநீர் வந்தது. கைப்பேசியை எடுத்து, அக்காவின் எண்ணைத் தாண்டி, மகளின் எண்ணை அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வாப்பா? என்ன வாப்பா? என்ன ஆச்சு?"

தான் நேராகக் கூப்பிட்டால் பிள்ளை அதைச் சாவுச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"ஒண்ணும் ஆகலம்மா. சும்மாத்தான். நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன்."

வழக்கமான இடம் வந்துவிட்டது. இதற்கு மேல் போனை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பக்கத்து மேசையில் யாரோ ரொட்டி கேட்டுக் கத்தினார்கள்.

"சல்மா, நீ ராத்திரி எங்கம்மா படுக்குற?"

"பெரியம்மா வீட்டுலதான்."

"அது தெரியும். வீட்டுல எங்க?"

அவள் எங்கோ நகர்ந்துபோய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஹால்ல. பெரியம்மா பிள்ளைங்களோட. டி.வி. ஓடும். எல்லாரும் தூங்குன பொறவு லைட்டைப் போட்டா பெரியப்பா திட்டுவாங்க, அதனால அடுப்படில உக்காந்து படிப்பேன்."

"உன் சாமான்லாம்?"

"பையில இருக்கு. சுவத்துல டைம்டேபிள் ஒட்டுனேன். பெயிண்ட் உரியும்னு கிழிச்சிட்டாங்க." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "பெரியம்மா நல்லாத்தான் பாத்துக்கிறாங்க வாப்பா. சோறுலாம் நல்லா போடுறாங்க. நான் குறை சொல்லலை."

"நம்ம வீடு?"

"பூட்டியிருக்கு. ஸ்கூல் விட்டு வந்து நான் போய் வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டு, கொஞ்ச நேரம் இருந்துட்டு வருவேன். மஃரிபுக்கு முன்னாடி வந்துரணும்."

அந்த வீடு நூருன்னிசாவுக்கு அவள் வாப்பா கட்டிக் கொடுத்தது. அவர்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். நாளைக்கு அது சல்மாவுக்கு. தன் சொந்த வீட்டில் அவள் தினம் கொஞ்ச நேரம் விருந்தாளியாக இருந்துவிட்டு வருகிறாள்.

"நீ எங்கம்மா இருக்கணும்னு நெனைக்கிற?"

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. எத்தனையோ நாள் வாய்க்குள் வைத்திருந்தது மாதிரி வந்தது.

"நம்ம வீட்டுலயே படுக்குறேன் வாப்பா. பெரியம்மாவைத் துணைக்கு வந்து படுக்கச் சொல்லுங்க. ரெண்டு வீடு தள்ளித்தானே. நான் சொன்னா, எளவு விழுந்த வீட்டுல கொமருப் பிள்ளையை எப்படித் தங்க வைக்கிறதுங்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க ஒண்ணும் சொல்லாததால உங்களுக்கும் அதான் இஷ்டம்னு நெனைச்சிட்டாங்க."

தனக்கு நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தார். அடைக்கவில்லை. ஆனால் தேநீர்க் குவளையைப் பிடித்திருந்த விரல்கள் சுட்டன. எவ்வளவு நேரமாகச் சுட்டுக்கொண்டிருந்தன என்று தெரியவில்லை. குவளையைக் கீழே வைத்தார்.

"நான் இப்பவே பேசுறேன்" என்றார்.

பேசினார். அக்கா முதலில் எதிர்த்தாள். "அந்த வீட்டுலயா தம்பி? பிள்ளை பயந்துட்டா? ஊரு என்ன சொல்லும்? எனக்கும் மூட்டு வலி, அங்க கட்டில்கூட ஆட்டம் போடுது." ஷாஹுல் குரலை உயர்த்தவில்லை. கடையில் மனம் மாறுகிற வாடிக்கையாளரிடம் எப்படிப் பொறுமையாகப் பேசுவாரோ அப்படிப் பேசினார். "ராத்தா, கட்டிலைச் சரி பண்ணச் சொல்றேன். அவ உம்மா வாழ்ந்த வீடு ராத்தா. அவளுக்கு என்ன பயம்? நீங்க கூடப் படுத்தாப் போதும். பரீட்சை வருது. பிள்ளை அடுப்படில உக்காந்து படிக்குது, அது உங்களுக்குத் தெரியுமா?" அக்காவுக்குத் தெரியாது. அவள் குரல் இறங்கியது. கொஞ்ச நேரம் அழுதாள். தங்கை பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஷாஹுல் போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டார். முடித்தபோது, "நாளைக்கே போயிருவோம் தம்பி" என்றாள்.

அன்று இரவு கடைக்கு மேலே, கடைப் பையன்கள் வரிசையாகப் படுத்திருந்த நீண்ட அறையில் பாய் போட்டுப் படுத்தார். நான்கு சுவரிலும் ஆடை தொங்கும் ஆணிகளைத் தவிர ஒன்றும் இல்லை. சீக்கிரமே தூங்கிவிட்டார்.

மறுநாள் அவர்கள் திரும்பியபோது ரமணி மகளைக் கூட்டிப்போக வந்திருந்தாள். இந்த முறை சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கையில் மைலோ குவளை. வண்ணத்துப்பூச்சிகளைச் சிறுமி உரித்துத் தன் இஷ்டத்துக்கு ஒட்டியிருந்தாள். ஒன்று மேலே, ஒன்று மின்விசிறிச் சுவிட்சின் மேல், ஒன்று அப்பாவின் சட்டையில். உரித்த இடங்களில் கத்திரிப்பூ நிறம் பெயர்ந்து வெள்ளை தெரிந்தது. முகுந்தன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தூங்காத கண்ணோடு சிரித்துக்கொண்டே இருந்தான்.

ரமணி எழுந்து நின்றாள்.

"அண்ணே, நேத்து எங்க படுத்தீங்க?"

"பிரிக்ஃபீல்ட்ஸ்லம்மா. நல்ல இடந்தான்."

"உங்க வீட்டுலேருந்து உங்களையே போக வச்சிட்டேன். மனசுக்கு ஒரு மாதிரியாப் போச்சி."

"அப்படி நெனைக்காதம்மா. நீ கேட்டது நல்லதாப் போச்சு."

அடுத்த மாதம் தானும் கூட வந்து பகல் முழுக்க இருந்துவிட்டுப் போவதாக முகுந்தனிடம் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். சிறுமி மின்தூக்கிக்குள்ளிருந்து, "பாய் அங்கிள்!" என்று கத்தியது மாடி முழுக்கக் கேட்டது.

மாலையில் சல்மா கூப்பிட்டாள். படத்தோடு வரும் அழைப்பு. திரையில் அவள் முகம் முழுதாகத் தெரியவில்லை, நெற்றியும் முக்காடும்தான். பின்னால் அவர் வீட்டு நடை. நாற்பதாம் நாளுக்குப் பிறகு அவர் பார்க்காத வீடு.

"வாப்பா, பெரியம்மா தலகாணியெல்லாம் எடுத்துட்டு வந்துட்டாங்க. கொசு ஒரே கடி. உம்மா அந்தப் பெரிய கொசுவலையை எங்க வச்சிருப்பாங்க?"

அவருக்குத் தெரியாது. அவர் ஊரில் இருக்கும்போதெல்லாம் கொசுவலை கட்டியபடிதான் இருக்கும். யார் கட்டினார்கள், யார் மடித்து எங்கே வைத்தார்கள் என்று அவர் கேட்டதில்லை.

"பீரோ மேல பாரு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். திரை ஆடியது. கூரை தெரிந்தது, ஒட்டடை தெரிந்தது. "இல்லை."

"கட்டிலுக்கு அடியில டிரங்குப் பெட்டி இருக்கும் பாரு."

"அதுல பாத்திரந்தான் இருக்கு."

"அடுப்படிப் பரண்?"

போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அறை அறையாக நடந்தாள். அவர் இங்கே ஹாலில் நின்றபடி அவளோடு நடந்தார். கதவு, கயிற்றுக்கொடி, தொழுகைப் பாய், நூருன்னிசாவின் ஊதா நிறச் செருப்பு. எல்லாம் வந்து வந்து போயின. பெரியம்மா எங்கிருந்தோ ஏதோ யோசனை சொன்னாள். சல்மா இருமினாள்.

"கெடச்சிருச்சு வாப்பா! அரிசிப் பானைக்குப் பின்னால. பழைய சேலையில சுத்தி வச்சிருக்காங்க. ஒரே தூசி."

"ஒடனே கட்டாதம்மா. ஒரு தடவை அலசிப் போடு, காத்துல காஞ்சிரும்."

"இப்ப அலசுனா ராத்திரிக்குள்ள காயாதே."

"அப்ப நல்லா உதறிட்டுக் கட்டு. நாளைக்கு அலசிக்கலாம்" என்றார். பிறகு, "ராத்திரிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். ஷாஹுல் சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.